ரேடியோ சத்தத்தைக் குறைங்க

"ஒண்ணு அவரை மாத்துங்க, இல்லேன்னா என்னை மாத்துங்க சார்!"

ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடியே மேனேஜர் அறைக்குள் வந்து நின்றாள் வானொலி அறிவிப்பாளர்.

"யாரைம்மா?"

"சவுண்ட் இன்ஜினியரைத்தான். பதினொரு மணி நிகழ்ச்சியில நேயர் போன் வர்ற நேரமாப் பார்த்து டீ குடிக்கப் போயிடறார். நானே போனை எடுத்து, நானே பேசி, நானே பாட்டைப் போட்டு... எனக்கென்ன பத்து கையா இருக்கு?"

"தினமுமா?"

"வெள்ளிக்கிழமை மட்டும் சீட்டுல இருக்கார். அன்னிக்குத்தான் அந்தக் கோழிப்பண்ணைக்காரர் பேசுவார். மூணு பாட்டு கேட்டு, சண்டை போட்டு, ரெண்டுக்கு இறங்கி வருவாரே, அவர்."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஃபைலைப் புரட்டினார்.

அவருக்கு ஏற்கெனவே தலைவலி. நேயர் போன் வராத நிகழ்ச்சிகளை மூடச் சொல்லி மேலிடத்துக் கடிதம் மேஜைமேல் கிடந்தது. பதினொரு மணி நிகழ்ச்சி நாலே நாலு நேயர்களின் புண்ணியத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ரிடயர்டு வாத்தியார், லாரி டிரைவர், மாடி வீட்டு மாமி, அப்புறம் அந்தக் கோழிப்பண்ணைக்காரர்.

இன்ஜினியரை வரவழைத்தார்.

"ஏன்யா, பதினொண்ணரைக்குக் குடிச்சாத்தான் உனக்கு டீ தொண்டையில இறங்குமா?"

"தப்புதான் சார்."

"நாளைக்கு நானே வந்து பக்கத்துல உட்காருவேன். சீட்டை விட்டு எழுந்திரிச்சே, மலை மேல இருக்கிற டவருக்கு மாத்தல். பேச்சுத் துணைக்குக் குரங்குதான் இருக்கும்."

இன்ஜினியர் கொஞ்சம் யோசித்தான்.

"அங்கே போன் இருக்கா சார்?"

"என்னது?"

"ஒண்ணுமில்லை சார்."

மறுநாள் சொன்னபடியே வந்து உட்கார்ந்துவிட்டார் மேனேஜர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவர்கள்.

போன் நம்பரைச் சொன்னாள். மணி அடிக்கவில்லை.

இன்னொரு தடவை சொன்னாள். ஊஹூம்.

மூன்றாவது தடவை சொல்லும்போது ஏசி அறையில் இன்ஜினியரின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"சார், ஒரே ஒரு டீ..."

"உட்காருய்யா!"

அவள் தன் செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மைக் பக்கத்தில் வைத்தாள். "நேயர்களே, இன்னைக்கு யாரும் கூப்பிடக் காணோம். பரவாயில்லை, ஒரு நேயரை நானே கூப்பிடறேன்."

இன்ஜினியரின் சட்டைப்பையில் மணி அடித்தது.

அவன் பழக்க தோஷத்தில் முதலில் அறையிலிருந்த ஸ்பீக்கரின் சத்தத்தை அடியோடு குறைத்தான். அப்புறம்தான் "ஹலோ" என்றான். ஒன்றும் கேட்காமல் போன மேனேஜர், கையில் கிடைத்த ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார்.

"பார்த்தீங்களா நேயர்களே! மத்த நிகழ்ச்சியில யார் கூப்பிட்டாலும் 'ரேடியோ சத்தத்தைக் குறைங்க, எதிரொலிக்குது'ன்னு நான் கத்தணும். சிலர்கிட்ட மட்டும் அதைச் சொல்ற வேலையே எனக்கு வந்ததில்லை. அதுமட்டுமா? செய்திக்குப் பத்து செகண்ட் இருக்கும்போது டக்குனு பேச்சை முடிச்சுக்குவாங்க. எந்த வீட்டு மாமி அவ்வளவு கரெக்டா போனை வைப்பா, சொல்லுங்க!"

இன்ஜினியர் போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினான்.

"சொல்லுங்க சார், என்ன பாட்டு வேணும்?"

"நான் ரிடயர்டு வாத்தி..."

"வாத்தியார் குரல் வேண்டாம். உங்க சொந்தக் குரல்ல."

எச்சில் விழுங்கும் சத்தம் ஊருக்கே ஒலிபரப்பானது.

"பாட்டு வேண்டாங்க. உங்க அறிவிப்பாளருக்கு என்னைக் கட்டிக்கச் சம்மதமான்னு... கொஞ்சம் கேட்டுச் சொல்ல முடியுமா?"

"கேட்டுட்டேன். மூணு மாசமாவே சம்மதம்தானாம்."

செய்திக்குச் சரியாகப் பத்து செகண்ட் இருந்தது.

அடுத்த நிமிடம் நிலையத்திலிருந்த அத்தனை போனும் ஒன்றாக அலறின. எல்லாம் அசல் நேயர்கள். சிலர் அழவே செய்தார்கள். நிகழ்ச்சி பிழைத்துக்கொண்டது.

மேனேஜர் விடுவதாக இல்லை. அவள் வெளியே வந்ததும் இருவரையும் நிற்க வைத்துக் கத்தினார்.

"அந்த மாமிகூட நீதானாய்யா? போலி நேயரா நடிச்சு ஊரையே ஏமாத்தியிருக்கே! எவ்வளவு பெரிய மோசடி இது! வெட்கமா இல்லை? ஏம்மா, தெரிஞ்சுக்கிட்டே எதுக்குப் புகார் கொடுத்தே?"

"மூணு குரல்ல பேசறவரை ஒரு தடவையாவது சொந்தக் குரல்ல பேச வைக்க வேற வழி தெரியலை சார்."

"மன்னிச்சிடுங்க சார்," என்றான் இன்ஜினியர். "வாத்தியார், டிரைவர், மாமி மூணு பேரும் நான்தான். ஆனா அந்தக் கோழிப்பண்ணைக்காரர் சத்தியமா நான் இல்லை."

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"அவர்கிட்டயும் ரேடியோ சத்தத்தைக் குறைக்கச் சொன்னதே இல்லையே..."

மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி சரி, போய் வேலையைப் பாருங்க."

"கல்யாணத்துக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஒரு மாசம் லீவு வேணும் சார்."

"ஒரு மாசமா! பத்து நாள்."

"இருபது."

"பதினஞ்சு. அதுலயும் வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்துடணும்."

"கல்யாண லீவுல வெள்ளிக்கிழமை எதுக்கு சார்?"

மேனேஜரின் குரல் இறங்கிப்போனது.

"எனக்கு அந்த ரெண்டு பாட்டை வேற யாரும்மா போடுவா?"