வில் பிடித்த கை

படத்தில் பிடில்காரன் வில்லை இடது கையில் பிடித்திருந்தான். சிறைக்குள் பிடிலைக் கொடுத்துப் பார்த்தால் வலது கையில் வில் பிடித்து வாசிக்கிறான். காவல் அதிகாரிக்கு இதுதான் பிடிபடவில்லை.

“நடிக்கிறானாய்யா அவன்? இல்ல, நீ பொய்யா வரைஞ்சியா?” என்றபடி அச்சுப்படத்தை அச்சுக்கூடத்து மேசையில் விரித்தார்.

எதிரே நின்றவர் செப்புத் தகட்டில் படம் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுத்து விற்பவர். ஊரில் அவருக்குத் தகட்டுக்காரர் என்றே பெயர். படம் அவருடைய கைவேலைதான்: சந்தைச் சதுக்கத்தில் தெருப் பாட்டுக்காரி பாடுகிறாள், அவள் புருஷன் பிடில் வாசிக்கிறான், சுற்றிலும் கூட்டம்.

அந்தக் கூட்டம் கூடிய அன்று மாலையே சந்தைக் கண்காணி பின்சந்தில் குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தான். குத்து வலப்பக்க விலாவில். எதிரே நின்று அந்த இடத்தில் குத்தியவன் இடது கைக்காரன் என்று அதிகாரி முடிவு கட்டினார். பாட்டுக்காரர்களைக் கண்காணி விரட்டிக்கொண்டே இருந்தது ஊரறிந்த விஷயம். மீதியைப் படம் சொல்லிவிட்டது.

அதிகாரியின் பின்னாலேயே வந்த பாட்டுக்காரி வாசல் நிலையோடு ஒட்டி நின்றாள். வலது கை போர்வைக்குள் இருந்தது. இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“விடிஞ்சா அவரைத் தூக்குல போடுறாங்க, அண்ணே. பொறந்ததுலேர்ந்து அவருக்கு வலது கைதான் பழக்கம். நீங்களாவது சொல்லுங்க.”

தகட்டுக்காரர் முகம் மலர்ந்தது. தன் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

“இவ்வளவுதானா! மாப்பிள்ளை, அந்தத் தகட்டை எடுத்துட்டு வா.”

அச்சு இயந்திரத்தின் அருகே மை துடைத்துக்கொண்டிருந்த அவருடைய மச்சான் நிமிர்ந்தான். “எது மாமா? என் மூக்கைக் கோணலா வரைஞ்சீங்களே, அதுவா?”

“உன் மூக்கே அப்படித்தாண்டா. கொண்டா.”

தகடு காகிதத்தின் பக்கத்தில் வந்து அமர்ந்தது. தகட்டில் வில் வலது கையில் இருந்தது.

“உங்க முத்திரை மோதிரத்தைப் பாருங்க ஐயா. அதுல எழுத்து திரும்பி இருக்கும், அரக்குல பதிச்சா நேரா வரும். தகடும் அப்படித்தான். நான் பார்த்ததை நேரா செதுக்கினேன், காகிதத்துல திரும்பி விழுந்துடுச்சு.”

அதிகாரி மோதிரத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். “கீழே இருக்கிற எழுத்து மட்டும் நேரா இருக்கே?”

“எழுத்தைத் திருப்பிச் செதுக்குவோம், இல்லன்னா படிக்க முடியாதே! ஆளுங்களைத் திருப்பி வரைய யாருக்குப் பொறுமை? அதனாலதான் அச்சுப் படத்துல தெருவுல பாடுறவன், வாசிக்கிறவன் பாதிப் பேரு இடது கைக்காரனா நிக்கிறான். மத்தவங்களையும் பாருங்களேன்.”

அதிகாரி குனிந்தார். கிழவன் இடது கையில் தடி ஊன்றியிருந்தான். ரொட்டி விற்பவள் இடது கையால் ரொட்டி நீட்டினாள்.

“நான் பிடில்காரனை மட்டும்தான் பார்த்தேன்” என்றார் மெதுவாக. பிறகு வாசலில் நின்ற காவலனிடம், “அவனை அவிழ்த்து விடச் சொல்லு” என்றார்.

காவலன் ஓடினான். பாட்டுக்காரி நிலையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி மட்டும் கிளம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஆனா விடிஞ்சா ஒருத்தன் தொங்கியாகணும். மேலிடத்துக்குச் சொல்லியாச்சு.” படத்தை விரலால் தட்டினார். “நிஜமாவே இடது கைக்காரன் ஒருத்தன் அந்தக் கூட்டத்துல நின்னிருந்தா, இதுல எப்படித் தெரிவான்?”

“வலது கைக்காரனா தெரிவான் ஐயா! கண்டுபிடிக்கிறது ரொம்பச் சுலபம். இப்படி ஒவ்வொருத்தனா...”

உற்சாகமாக ஓடிய விரல் படத்தின் மூலையில் நின்றது. அங்கே ஒருவன் பழம் சீவிக்கொண்டிருந்தான். கத்தி வலது கையில் இருந்தது. மூக்கு கோணல்.

மச்சான் தன் இடது கையில் இருந்த மைத்துணியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஐயா, இவன் என் பொண்டாட்டியோட தம்பி. கோழி அறுத்தாக்கூட முகத்தைத் திருப்பிக்குவான்...”

“நீதானேய்யா சுலபம்னே?” அதிகாரி இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார். “துணியைக் கீழே போடுடா.”

“மாமா, சும்மா நிக்கிறீங்களே! அன்னிக்கு நான் உங்ககூடத்தானே வீட்டுக்கு வந்தேன்? சொல்லுங்க மாமா!”

“சொந்தக்காரன் சாட்சி செல்லாது” என்றார் அதிகாரி. விலங்கு பூட்டிய சத்தம் கேட்டது.

பாட்டுக்காரி எழுந்துவிட்டிருந்தாள். அவள் புருஷனுக்கு விடுதலை கிடைத்தாயிற்று, தெரு திறந்து கிடந்தது, யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை. ஒரு காலை வெளியே வைத்தவள், விலங்குச் சத்தத்தில் திரும்பினாள்.

நேராக மேசைக்கு வந்தாள். வலது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்துப் படத்தின் மேல் வைத்தாள். மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரல் தடம் கன்றிப்போய்க் கறுத்திருந்தது.

“குத்தினது நான்தான், ஐயா. வலது கையை அந்தக் கண்காணி விடாம பிடிச்சிருந்தான்.”