காய்ச்சல் இல்லாத வீடு

தொட்டியில் ஒரு புழுகூட இல்லை.

ஷீபா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அடிவரை பார்த்தாள். தினமும் தேய்த்துக் கழுவுகிற தொட்டி. கொல்லையில் ஒரு கொட்டாங்குச்சி, ஒரு பழைய டயர் கிடையாது.

பேரூராட்சியில் அவள் சுகாதார ஆய்வாளர். ஐப்பசி பிறந்துவிட்டால் டெங்குக் கொசுவைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்குவதுதான் வேலை. இத்தனை சுத்தமான கொல்லையை அவள் பார்த்ததில்லை.

"யாரு உங்களுக்குச் சொன்னது?"

வீட்டுக்காரன் தியாகேசன் பின்னால் நின்றிருந்தான். அவள் வந்ததிலிருந்து ஓரடி தள்ளியே வந்துகொண்டிருந்தான்.

"ஒரு லேடி போன் பண்ணாங்க சார். இந்த வீட்லேருந்துதான்னாங்க. தண்ணியில புழு நெளியுது, நீங்களே உள்ள வந்து பாருங்கன்னாங்க."

எல்லா வீட்டிலும் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளே இரண்டு செல்போன்கள் இருந்தன. ஒன்றுக்குப் பூப்போட்ட உறை.

ஷீபா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் உள்ளே நுழைந்ததுமே தெருக்கதவை அவன் தாழிட்டுவிட்டிருந்தான். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

அடுப்படி வாசலில் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். அவன் மனைவி. அந்தப் புழுக்கத்திலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவன் அம்மா காளியம்மாள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்கா?" கிளம்பும்முன் கேட்கவேண்டிய கேள்வி.

"யாருக்கும் இல்ல" என்றான் தியாகேசன்.

"எனக்கு" என்றாள் அந்தப் பெண். உதடு மட்டும் அசைந்த மாதிரி இருந்தது.

ஷீபா அவள் நெற்றியில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது. விரல்கள் முடிக்குள் கொஞ்சம் நகர்ந்தபோது எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் தட்டுப்பட்டது. பெண் பல்லைக் கடித்துக்கொண்டாள். கத்தவில்லை. கத்தாமல் இருக்கப் பழகியவள்.

"நல்லாக் கொதிக்குதே." சுட்டதுபோல ஷீபா கையை எடுத்தாள். "இப்பவே ரத்தம் எடுக்கணும். வண்டி வாசல்ல நிக்குது, வாம்மா."

"சாயங்காலம் நான் கூட்டிட்டு வர்றேன்."

"டெங்குன்னா அதுவரைக்கும் வச்சிருக்க முடியாது சார்."

அவன் நகர்ந்து வழியை அடைத்து நின்றான். கோபப்படவில்லை. சிரித்தான்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல மேடம். நீங்க போங்க."

பக்கத்து ரைஸ்மில் ஓடிக்கொண்டிருந்தது. கத்தினால் வாசலில் வேனுக்குள் இருக்கும் டிரைவர் சிங்கராயருக்குக் கேட்காது.

அப்போதுதான் காளியம்மாள் எழுந்தார்.

"போய்த் தொலையட்டுமேடா! இந்தச் சனியன வீட்ல வச்சு ஒனக்கும் ஒட்டிக்கவா?"

மருமகளின் தோளைப் பிடித்துத் தள்ளினார். மகனை இடித்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார். செருப்பைத் தேடியவளை அதற்கும் விடாமல் வாசலுக்கு நெட்டினார்.

டெங்கு அப்படி ஒட்டுகிற நோய் இல்லை. ஷீபா திருத்தவில்லை.

வேன் ஒடுக்கமான வாய்க்கால் கரைமேல் ஏறியதும்தான் ஷீபா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். இரண்டு பக்கமும் நடவு முடிந்த சம்பா வயல்கள். பெண், பிளீச்சிங் பவுடர் மூட்டையை ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பெயர் கனிமொழி என்றாள்.

"எனக்குப் போன் பண்ணினியே, அதான் நல்லதாப் போச்சு. இனிமே பயப்படாத. நேரா மகளிர் ஸ்டேஷன்தான்."

கனிமொழி புரியாமல் பார்த்தாள்.

"நான் பண்ணலீங்க. கல்யாணமான மறுவாரமே என் போன அவரு வாங்கி வச்சுக்கிட்டாரு."

"பின்ன யாரு?"

"அந்த வீட்ல வேற யாரும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். கை வாயைப் பொத்தியது.

"அத்த நேத்து ரேஷன் கடைக்குப் போனாங்க. அங்க யார்ட்டயாவது போன் வாங்கிப் பேசியிருப்பாங்க."



ஒரு பெண் பேசினாள், இந்த வீட்டிலிருந்து பேசினாள் என்று அவனிடம் சொன்னது ஷீபாதான். மனைவியின் போன் அவன் பையில் இருக்கிறது. மீதி யார் என்று அவன் இந்நேரம் யோசித்து முடித்திருப்பான்.

"அத்தயையும் அடிப்பாருங்க" என்றாள் கனிமொழி.

ஷீபா ஸ்டேஷனுக்குப் பேசினாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

"அண்ணே, வண்டியத் திருப்புங்க."

"இங்க எங்கம்மா திருப்புறது? பாலத்துக்கிட்ட போனாத்தான்."

"ரிவர்ஸ்லயே போங்க."

சிங்கராயர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கியரைப் போட்டார்.

கனிமொழி சீட்டிலிருந்து இறங்கி, வெளியே தெரியாதபடி வேனின் தரையில் படுத்துக்கொண்டாள்.

ஒருத்தருக்குக் காய்ச்சல்னா வீட்ல எல்லாருக்கும் ரத்தம் எடுக்கணும் சார், அம்மாவை அனுப்புங்க. ஷீபா வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். மறுபடி சொல்லிப் பார்த்தாள்.

தெருக்கதவு சாத்தியிருந்தது. சிங்கராயரும் அவளோடு இறங்கினார்.

ரொம்ப நேரம் தட்டவேண்டியிருந்தது. தியாகேசன்தான் திறந்தான். சட்டை மாற்றியிருந்தான்.

சொல்லி வைத்திருந்ததை ஷீபா ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"அம்மா தூங்குறாங்க" என்றான்.

வாசலில் காலை வெயில் இன்னும் முழுசாக ஏறியிருக்கவில்லை.

ஷீபா செருப்பைக் கழற்றாமல் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.