செவலை மேல் விழுந்த பழி

செவலைப் பூனைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக் குழந்தையின் தொடையிடுக்கு சிவந்து புண்ணானதற்குப் பூனை முடிதான் காரணம் என்று சொல்லி, அவளையும் இன்னும் கண் திறக்காத அவள் குட்டியையும் கொட்டும் மழையில் விரட்டிவிட்டார்கள்.

"அநியாயம்! காலையில கட்டின டயப்பரைப் பொழுது சாயுறவரைக்கும் அவிழ்க்கல. ஈரத்துலயே கிடந்தா தோல் வெந்துபோகாதா? என் குட்டியை நான் அப்படி விடுவேனா?" என்று மதில்மேல் இருந்த அணிலிடம் பொருமினாள்.

மறுநாள் டயப்பர் தீர்ந்துபோனது. மழையில் யாரும் கடைக்குப் போகவில்லை. அம்மா பழைய வேட்டியை விரித்து, குழந்தையைக் காற்றாடப் போட்டாள். நனைந்த உடனே கழுவி, ஈரம் போக ஒற்றித் துடைத்து, துணியை மாற்றினாள். மழை விடுவதற்குள் சிவப்பு வடிந்து, குழந்தை சிரிக்கத் தொடங்கியது.

ஜன்னலில் எட்டிப் பார்த்த செவலைக்கு மனம் குளிர்ந்தது. இனி உள்ளே விடுவார்கள் என்று குட்டியைக் கவ்விக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"பார்த்தியா? பூனை போச்சு, புண்ணும் போச்சு!" என்றார் அப்பா, வாங்கி வந்த டயப்பரைக் குழந்தைக்கு இறுக்கி ஒட்டியபடி.

செவலை குட்டியைக் கீழே வைத்துவிட்டு, "மறுபடியும் புண் வந்தா யாரை விரட்டுவீங்க?" என்று அலறினாள்.

அதைக் கேட்ட அணில் சத்தமில்லாமல் பக்கத்து வீட்டு மதிலுக்குத் தாவியது.