பெரிய பொட்டு

“ஆடாம நில்லும்மா,” என்றாள் பூங்குழலி.

குளித்துவிட்டு வந்து, கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த நேற்றைய பொட்டை எடுக்கக் கை நீட்டிய கனகா அப்படியே குனிந்து நின்றாள். மகள் எக்கி, அம்மாவின் வெறும் நெற்றியில் காசளவு சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டாள்.

“ஏது கண்ணு இது?”

“மிஸ் குடுத்தாங்க.”

கனகாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொள்ளேகாலில் புருஷன் மகேந்திரனோடு சண்டை போட்டு, அழுத பிள்ளையை இழுத்துக்கொண்டு மைசூருக்கு பஸ் ஏறினாளே, அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளை இது. தலைவாரக்கூட விடுவதில்லை. இன்றைக்குத் தானாக வந்து தொட்டிருக்கிறது!

நாலைந்து நாளாகவே வீடெங்கும் குட்டிக் குட்டிப் பொட்டுகள். அலாரம் கடிகாரத்தில் ஒன்று, டிபன் டப்பா மூடியில் ஒன்று, கனகாவின் செல்ஃபோன் முதுகில் வரிசையாக. அந்த ஃபோனில் மகேந்திரன் கூப்பிடாத நாளில்லை, கனகா கட் பண்ணாத நாளுமில்லை.

ராத்திரி படுக்கும்முன் பொட்டைக் கழற்றிக் கண்ணாடியில் ஒட்டுவது கனகாவின் வழக்கம். ‘என்னைப் பார்த்துதான் இவளும் கண்ட இடத்தில் ஒட்டுகிறாள்’ என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பே அவளுக்குப் பாயசமாக இனித்தது.

தேவராஜ மொஹல்லாவில் அவள் வேலை பார்க்கும் புடவைக் கடையில், இன்றைக்கு என்ன பண்டிகையா என்று மாதேவி கன்னடத்தில் சீண்டினாள். மகள் வைத்துவிட்டாள் என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டு, மத்தியானம் லீவு கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள் கனகா. பூங்குழலி பக்கத்துப் பெண்ணைக் கடித்து வைத்துவிட்டாள் என்று வகுப்பு டீச்சர் வரச் சொல்லியிருந்தார்.

கழுத்தில் சிலுவைச் சங்கிலியும் பொட்டில்லாத நெற்றியுமாக இருந்த ஷாரன் மிஸ் நாற்காலியைக் காட்டினார். பூங்குழலி வெளியே வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இனிமேல் யாரையும் கடிக்க மாட்டாளுங்க மிஸ். எம்மேல இருந்த கோவந்தானுங்க அத்தனையும். இன்னைக்குக் காலைல அது போயிருச்சுங்க.” கனகாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ரொம்ப சந்தோஷம்மா. ஆனா, எதனால கோவம் வருதுன்னு குழந்தைக்கே முதல்ல தெரியணும். கேட்டா இவ வாயத் திறக்கிறதில்ல. அதுக்குத்தான் மார்க்கெட்ல ஸ்டிக்கர் பொட்டு வாங்கி, ஆளுக்கொரு அட்டை குடுத்தேன். எதைப் பார்த்தா கோவம் வருதோ, அதுமேல ஒரு பொட்டு ஒட்டிடணும்.”

கனகாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அலாரம். டிபன் டப்பா. செல்ஃபோன்.

“சின்னக் கோவத்துக்குச் சின்னது. தாங்கவே முடியாத கோவத்துக்குன்னு அட்டைக்கு ஒரே ஒரு பெரிசு. பிள்ளைங்க ஈஸியா புரிஞ்சுக்கிட்டாங்க.” ஷாரன் மிஸ் பூங்குழலியின் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். சின்ன வட்டங்கள் சிலவற்றில் பொட்டு மிச்சமிருந்தது. நடுவிலிருந்த காசளவு வட்டம் காலி.

கனகா ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்தாள். மகள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஷாரன் மிஸ் கனகாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“பெரிசை மட்டும் எதுல ஒட்டினான்னு சொல்லவே மாட்டேங்கிறா. நீங்க எங்கயாச்சும் பாத்தீங்களாம்மா?”