குரங்குக் குல்லா

நின்றுபோன கோமதிநாயகத்தின் இதயத்தை டாக்டர்கள் மறுபடி துடிக்க வைத்துவிட்டார்கள். ஆனால் அவர் கண் விழிக்கவில்லை. மூளை கெட்டுவிடாமலிருக்க உடம்பைக் குளிர்வித்து மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். மனைவி சண்முகவடிவுக்கு அது பொறுக்கவில்லை. உள்ளே விட்டபோதெல்லாம் குரங்குக் குல்லாவை அவர் தலையில் மாட்டினாள்.

“குளிர்ச்சியா இருந்தாத்தான் மூளை பிழைக்கும்மா” என்று நர்ஸ் கழற்றுவாள்.

“பனி பட்டாலே தும்முவாவ. நீங்க ஐஸுல வச்சிருக்கியளே.”

பிறகு மெல்லச் சூடேற்றினார்கள். கண் திறந்தார். தொண்டைக் குழாயை எடுத்ததும் டாக்டர் சண்முகவடிவைக் காட்டிக் கேட்டார்.

“இவங்க யாருன்னு தெரியுதா?”

அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

“தெரியலன்னு சொன்னா விட்டுருவியளா?”

அதுவரை அழாதவள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள்.