இளையதம்பியின் பசுவுக்கு என்ன வருத்தம்?

"மூண்டு நாளாப் புல்லைத் திரும்பியும் பாக்குதில்லை, பிள்ளை. எனக்கெண்டால் பெரிய பயமாக் கிடக்கு."

சொல்லிவிட்டு இளையதம்பி கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பசு அந்த நேரம் பார்த்து, மிருக வைத்தியசாலை வேலியில் ஒரு வாய் கிளுவையை இழுத்து மென்றது.

"சும்மா ருசி பாக்குது," என்றார் அவர்.

யதுர்ஷிகா பசுவுக்கு அருகே வந்தாள். அவள் பேராதனையில் மிருக வைத்தியம் கடைசி வருடம் படிக்கிறவள். சொந்த இடம் வவுனியா, நெளுக்குளம். வட்டக்கச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தச் சின்ன ஊருக்குப் பயிற்சிக்காக வந்திருந்தாள். இங்கே நிரந்தர வைத்தியர் இல்லை. மூன்று ஊர்களுக்குப் பொறுப்பான ஒருவர் மத்தியானம் வந்து தலைகாட்டிவிட்டுப் போவார். அதுவரைக்கும் அவள்தான் டொக்டர்.

பசுவின் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டாள். காய்ச்சல் பார்த்தாள். கண்ணிமையை விரித்தும் பார்த்தாள்.

"பயப்பிட ஒண்டுமில்லை ஐயா. தண்ணி நல்லாக் குடுங்கோ."

"அப்பாடா. நீங்கள் கை வைச்சாலே காணும் பிள்ளை. ஊரெல்லாம் அதுதான் கதை."

போகிற எண்ணமே இல்லாதவர் போல அவர் வாங்கில் உட்கார்ந்தார். "நாளைக்கு உங்கட பயிற்சி முடியுதாமே. படிப்பும் முடிஞ்சால் பிறகு எங்க போறியள்?"

"அதைத்தான் ஐயா நானும் கொஞ்ச நாளா யோசிச்சனான். கொழும்பில ஒரு மருந்துக் கொம்பனி ஆய்வுகூடத்துக்குக் கேக்கினம். ஏசி அறை, நல்ல சம்பளம். கம்பசிலயே நிண்டு படிப்பிக்கவும் கேக்கலாம். அம்மாவுக்கெண்டால் நான் அவுஸ்திரேலியாவுக்குப் போய் மேல படிக்க வேணும்."

"மூண்டும் நல்ல இடம்." இளையதம்பி பெருந்தன்மையோடு தலையாட்டினார். "எங்களைப் பற்றி யோசியாதேங்கோ. போன சித்திரையில குகதாசன்ர மாடு கண்டு போட ஏலாமல் கத்தினபடியே கிடந்தது. டொக்டர் வந்து சேர முன்னம் தாயும் கண்டும் செத்துப்போச்சு. அதுக்கென்ன செய்யிறது, எங்களுக்குப் பழகிப்போச்சு."

பழகிப்போச்சு என்று சொன்னாரே தவிர, அவர் முகம் வாடித்தான் இருந்தது.

யதுர்ஷிகா பசுவின் கழுத்தைத் தடவினாள். அது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

"நான் இங்கயே வரப்போறன் ஐயா. நியமனம் தரேக்க இந்த இடத்தைத்தான் கேக்கிறதெண்டு இருக்கிறன்."

"இங்கயோ?"

"ஓம். கொழும்பில நான் இல்லாட்டி இன்னொராள் வருவார். இங்க ஆர் வருவினம்? அம்மாவிட்ட நேற்றே சொல்லிப்போட்டன். கோவத்தில இரவு சாப்பிடாமப் படுத்திட்டாவாம். காலமை எழும்பி எனக்கு ஃபோன் எடுத்து, அங்க பால் மலிவோ எண்டு கேக்கிறா."

இளையதம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சால்வையால் முகத்தைத் துடைத்தார். சிரித்தார். மறுபடியும் துடைத்தார். புறப்பட எழுந்தவர், அதோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். சந்தோஷம் விடவில்லை.

"நாளைக்கு வீரம்மாவும் தன்ர மாட்டைக் கொண்டு வருவா, பிள்ளை. அது கால் நொண்டுதாம்."

"வேண்டாம் ஐயா. நாளைக்காவது இந்தப் பசுவை மேய விடுங்கோ," என்று யதுர்ஷிகா சிரித்தாள். "திங்கக்கிழமை இது கமலாசனி அக்கான்ர மாடா வந்தது, வயித்தோட்டம் எண்டு. நேற்றுக் குகதாசன் அண்ணைன்ர மாடா வந்தது, இருமல் எண்டு. இண்டைக்கு உங்கட மாடா வந்திருக்கு. ஒரு நாளும் அதுக்கு ஒரு வருத்தமும் இருக்கேல்லை."

இளையதம்பி தலையைச் சொறிந்தார்.

"நோயாளி இல்லாத ஊருக்கு எந்த டொக்டர் விரும்பி வருவார், பிள்ளை? வயல் விதைச்சவுடன மாட்டுப் பட்டியெல்லாம் காட்டுப்பக்கம் மேயச் சாய்ச்சாச்சு, ஊரில மிஞ்சி நிண்டது சின்னராசான்ர இந்தப் பால்மாடு ஒண்டுதான்."