மூழ்கும் சுவர்

“கீழ் வரிசை: ஐயோ, மூழ்குகிறேன்!”

காலை ஆறரை மணிக்கு, அடுக்குமாடியில் இருந்த அத்தனை செல்போன்களும் சேர்ந்து அலறின.

அலறியது மனிதர் இல்லை, சுவர். கார் நிறுத்துமிடத்தில் தொடங்கி ஆறாம் மாடி வரை செடி நட்ட பச்சைச் சுவர். மாடிக்கு ஒரு வரிசை, பால்கனியிலிருந்து கை எட்டும் தூரத்தில்; ஒவ்வொன்றின் மண்ணுக்குள்ளும் ஒரு சென்சார். ஈரம் குறைந்தால், “தாகமாக இருக்கிறது” என்று குடியிருப்போர் குழுவுக்கு மெசேஜ் போகும். தண்ணீரும் தானாகவே வரும். ஈரம் கூடினால் இந்த ஒப்பாரி.

“கட்டின புருஷன், நான்கூட உன்கிட்ட இத்தனை தடவை அலறினதில்லை,” என்றார் நாலாம் மாடி அக்காவின் கணவர், போர்வைக்குள்ளிருந்து.

“அலறியிருந்தா, தலையில ஒரு குடம் தண்ணி ஊத்தியிருப்பேன். இந்த மாசத்துல இது ஒன்பதாவது தடவை. எப்பவும் கீழ் வரிசைதான். யாரோ வேணும்னே தண்ணி ஊத்துறாங்க.”

“யாரோ இல்லை, நீதான்னு லிஃப்டுல பேசிக்கிறாங்க.”

“நானா!”

“சுவரைக் கொசு ஃபேக்டரின்னு சொன்னது யாரு? பாம்பு ஏறும், சுவர் ஊறிப்போய் நம்ம தலையில விழும்னு குழுவுல முப்பது மெசேஜ் போட்டது யாரு?”

அன்று முழுக்க அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயந்து சொன்னதை இப்படியா திருப்புவார்கள்?

மறுநாள் மாதக் கடைசி. விடிந்ததும் கீழே போய், ஒரு காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துகொண்டாள். முட்டி வலித்தது. யாராவது பார்த்தால் தன்னைத்தான் பிடிப்பார்கள் என்று தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

ஆறு இருபதுக்கு ஒரு உருவம் வந்தது. கையில் டம்ளர் நிறையத் தண்ணீர். செடிகளை விலக்கி, சென்சாரை மண்ணிலிருந்து உருவி, டம்ளருக்குள் முக்கப் போனது.

“அடப்பாவி! நீயா?”

குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரி! சுவரைக் கொண்டுவந்தவரே அவர்தான். திறப்பு விழாவில், “இனி காடே நம்ம வாசலுக்கு வரும்!” என்று ஒரு மணி நேரம் மைக்கை விடாதவர்.

“அக்கா, சத்தம் போடாதீங்க, உங்க காலைப் பிடிக்கிறேன்.”

“கட்டடம் முழுக்க என் பேரு நாறுது தம்பி! செடியை மூழ்கடிச்சிட்டு...”

“செடிக்கு ஒண்ணும் ஆகலைக்கா. குளியல் சென்சாருக்கு மட்டும்தான். கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு. முதல் மாசத்துல சுவர் பத்துத் தடவை இப்படி அலறினா, கம்பெனியே ஒரு தோட்டக்காரரை இங்க நிரந்தரமா வேலைக்கு வைக்கணும். ஆளை நாம சொல்லலாம். ஒன்பது ஆயிடுச்சு. இன்னிக்குத்தான் கடைசி நாள்.”

அக்கா கேட்டைப் பார்த்தாள். எதிரே பஸ் ஸ்டாப் பெஞ்சில் இந்தக் கட்டடத்தின் பழைய தோட்டக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டு டப்பா. ஒரு பஸ் வந்தது, போனது. அவர் ஏறவில்லை.

“வேலை போனதை இன்னும் வீட்டுல சொல்லலையாம். தினமும் வேலைக்குப் போற மாதிரி கிளம்பி வந்து, சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்காரு,” என்றார் செக்ரட்டரி.

“இப்ப உருகு! அவரை அனுப்பின லெட்டர்ல கையெழுத்துப் போட்டதே நீதானே?”

“போட்டது நான்தான். ‘மெஷினே தண்ணி ஊத்துது, அந்த ஆளு எதுக்குத் தண்டமா?’ன்னு கூட்டத்துல கேட்டு, முதல் கையைத் தூக்கினது யாருக்கா?”

அக்கா பெஞ்சை இன்னொரு தடவை பார்த்தாள். டம்ளரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“அக்கா! குழுவுல போட்டுடாதீங்க!”

“போடாம? எல்லாரும் பார்க்கட்டும்.”

பாதித் தண்ணீர் தரையில் சிந்த, லிஃப்டுக்குள் போய்விட்டாள்.

வீட்டில் கணவர் காத்திருந்தார். “திருடன் ஆப்பிட்டானா?”

“ஆப்பிட்டான்.”

“யாரு?”

“பல்லைத் தேய்ங்க முதல்ல,” என்று சொல்லிவிட்டு டம்ளரோடு பால்கனிப் பக்கம் போனாள்.

கீழே செக்ரட்டரி செல்போனைப் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கதை முடிந்தது. பதவியும் போகும், மானமும் போகும். தோட்டக்காரர் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

செல்போன் அலறியது. திறந்தார்.

“நாலாம் மாடி வரிசை: ஐயோ, மூழ்குகிறேன்!”